மேற்படி நோய்

ஞானஜோதி டீச்சர் மூன்றாம் முறையாகக் கருவுற்றபோது நான்கு மாதம்வரை யாரிடமும் சொல்லவில்லை. முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் அசைவு நின்று செத்தே பிறந்தது. இரண்டாவது ஒன்பது நாள் இருந்தது. மூக்கடைப்பால் பால் குடிக்க முடியாமல், உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் உரிந்து, ஒன்பதாம் நாள் காலை அழுவதை நிறுத்திவிட்டது. பிரசவம் பார்த்த நர்ஸ் அது உடல்வாகு என்றாள். பாஸ்டர் கர்த்தருடைய சித்தம் என்றார். நாசரேத்தில் இருந்த மாமியார், மருமகள் தண்ணீர்க் குடம் தூக்கியதுதான் காரணம் என்று கடிதம் எழுதினாள். ஞானஜோதி மூன்றையும் நம்பினாள். ஒன்றை விட்டுவிட்டால் விட்டதுதான் சரியாக இருந்துவிடுமோ என்று பயம்.

கணவன் சத்தியநாதன் ஒரிசாவில் ரூர்கேலா உருக்காலையில் ஸ்டோர் கிளார்க். வருஷத்துக்கு இரண்டு முறை லீவில் வருவான். அவள் தாம்பரத்தில் ஒரு துவக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்னால் வாடகை வீடு. 1972 ஜூனில், பள்ளிக்கூடம் திறந்த வாரம், பெருங்களத்தூர் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த தென்புறநகர்த் தாய் சேய் நல நிலையத்துக்கு நடந்தே போனாள்.

நிலையத்தின் சுவரில் ஆளுயர எழுத்தில், 'மேற்படி நோயை அறவே ஒழிப்போம்! கர்ப்பிணிகளே, இன்றே ரத்தம் கொடுப்பீர்!' என்று எழுதியிருந்தது. மேற்படி என்றால் மேலே ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவள் அண்ணாந்து பார்த்தாள். மேலே ஓட்டுக் கூரையும் ஒரு காக்கையும்தான் இருந்தன.

ரத்தம் எடுக்கும் அறையில் ஆயா கன்னியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, சுவர் விவகாரத்தையும் சொன்னாள். முன்பு சுவரில் நோயின் பெயர் முழுசாக இருந்ததாம். யாரோ பெரிய மனிதர் சம்சாரத்துடன் பார்வையிட வந்தார். சம்சாரம் அதைச் சத்தமாக வாசித்து, இதற்கு என்ன அர்த்தம் என்று கணவரைக் கேட்டுவிட்டாள். மூன்றாம் நாளே உத்தரவு வந்தது. பெண்கள் முன்னிலையில் அந்தப் பெயரை எழுதவோ உச்சரிக்கவோ கூடாது. பெயர் வரும் இடத்திலெல்லாம் மேற்படி என்றே போட வேண்டும். வந்துபோகிறவர்கள் எல்லோரும் பெண்கள்தான் என்பதால், அதன் பிறகு அந்தக் கட்டடத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

"உனக்குத் தெரியுமா கன்னியம்மா, அது இன்னா நோய்னு?" என்று ஞானஜோதி கேட்டாள். கன்னியம்மாவோடு பேசினால் அவள் பேச்சு இவளுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

"எனுக்கு இன்னா தெரியும் டீச்சரம்மா. கொயந்தைங்கள தூக்கிக்கினு பூடும். அவ்ளோதான் தெரியும்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஞானஜோதி மேற்படி என்ற அந்த வார்த்தையைத்தான் நினைத்துக்கொண்டு போனாள்.

மறுவாரம் 'முடிவுகள்' என்று எழுதியிருந்த ஜன்னலில் போய் நின்றாள். ஜன்னலுக்குப் பின்னால் தோத்தாத்ரி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்காரர். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம், முழுக்கைச் சட்டை. யாரையும் அதட்டிப் பேசாதவர், யாருக்காகவும் அவசரப்படாதவர். அவள் டீச்சர் என்று அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டதும் நாற்காலி போடச் சொன்னார்.

"முடிவு வந்துடுத்து. கவர்ல இருக்கு. கவர் பீரோவுல இருக்கு" என்றார்.

"குடுங்க சார்."

"அது ரகசியம் டீச்சர்."

"யாரோட ரகசியம்?"

"உங்களோடதுதான். அதனாலதான் உங்ககிட்ட குடுக்க முடியலை."

பெண்ணிடம் முடிவைச் சொன்னால் குடும்ப அமைதி கெடும் என்பது விதி. கணவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டுக் கவரை வாங்கிப்போக வேண்டும். தோத்தாத்ரி இதை விளக்கிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து மனம் இளகியவராக ஒரு உதாரணமும் சொன்னார்.

"நான் இங்க வர்றதுக்கு முன்னாடி பதினெட்டு வருஷம் மாட்டாஸ்பத்திரியில இருந்தேன். மாட்டோட ரத்தத்தை டெஸ்ட் பண்ணினா மாட்டுகிட்டயா சொல்லுவோம்? சொந்தக்காரன்கிட்டதானே சொல்லுவோம். அதே ரூல்தான் இங்கயும். நல்ல ரூல் டீச்சர். ஒரு மாடும் கம்ப்ளெயின்ட் பண்ணினதில்லை."

முடிவு நல்லதா கெட்டதா என்றாவது சொல்லலாமா என்று அவள் கேட்டாள். நல்லது கெட்டது என்பதும் முடிவின் ஒரு பகுதிதான் என்று அவர் வருத்தத்துடன் சொன்னார்.

வெளியே வரும்போது கன்னியம்மா வழிமறித்தாள். "வந்ததே வந்துட்ட, ஒரு தபா ரத்தம் குத்துட்டுப் போயேன். இந்த மாசம் ஆளுங்க கொறச்சலாம். மேல கீறவங்க பேஜார் பண்ணிக்கினு கீறாங்க." ஞானஜோதி கையை நீட்டினாள். நான்கு மாதக் கர்ப்பிணிக்கு வாசலில் நின்று வாதாடும் தெம்பு இருக்கவில்லை. இரண்டாவது கவரும் பீரோவுக்குப் போயிற்று.

சத்தியநாதனுக்கு எழுதினாள். டிசம்பருக்கு முன்னால் லீவு கிடையாது, முடிவை மனைவியிடமே கொடுத்துவிட எனக்குச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினான். என்ன பரிசோதனை, எதற்கு என்று கடிதத்தில் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. அது அவளுக்குக் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது.

தோத்தாத்ரி கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, சம்மதம் ஒன்பதாம் எண் படிவத்தில் வர வேண்டும் என்றார். படிவத்தில் நான்காவது கேள்வி, 'நோயின் பெயர்.' அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'நோயின் பெயரைக் குறிப்பிடலாகாது.' அந்த இடத்தை நிரப்பினால் விதி மீறல், காலியாக விட்டால் படிவம் முழுமை பெறாது. அப்படியானால் இதுவரை எத்தனை பேர் படிவம் ஏற்கப்பட்டது என்று அவள் கேட்டாள்.

"ஒண்ணுகூட இல்லை" என்றார் தோத்தாத்ரி. அவர் குரலில் அடக்கமான ஒரு பெருமிதம் இருந்தது. "பத்தொன்பது மாசத்துல ஒரு கவர் வெளியில போனதில்லை. அந்த அளவுக்கு ரகசியம் காப்பாத்தறோம்."

அவள் நான்காவது கேள்விக்கு எதிரே 'மேற்படி' என்று எழுதி ரூர்கேலாவுக்கு அனுப்பினாள். ஒரு கெஜட்டட் ஆபீசரின் சான்றும் வேண்டும் என்று விதி. அங்கிருந்த ஆபீசருக்குத் தமிழ் தெரியாது. சத்தியநாதன் படிவத்தை இங்கிலீஷில் பெயர்த்துக் கொடுத்தான். 'மேலே சொன்ன நோய்' என்பதைப் பார்த்த அவர், மேலே எந்த நோயும் சொல்லப்படவில்லை என்று ஓரத்தில் குறிப்பெழுதித் திருப்பிவிட்டார். ஜூலையும் ஆகஸ்டில் பாதியும் இப்படிப் போயின. நிலையத்துக்குப் போனபோதெல்லாம் ஒரு தடவை ரத்தமும் எடுத்தார்கள்.

இடையில் அவள் தாம்பரத்தில் ஒரு தனியார் டாக்டரிடம் போய்ப் பார்த்தாள். என்ன பரிசோதனை வேண்டும் என்று அவர் கேட்டார். பெயர் தெரியவில்லை என்றாள். பெயர் தெரியாமல் நான் எதை எழுதுவது என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், உங்கள் வட்டாரத்தில் எடுத்த ரத்தத்தின் முடிவைக் கொண்டுவந்தால்தான் இங்கே பார்ப்போம் என்றார்கள்.

நிலையத்தின் டாக்டர் லோகநாயகி வியாழக்கிழமை மட்டும் வருவார். மூன்று நிலையங்களுக்கு அவர் ஒருவர்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம். நானூறு அட்டைகளில் கையெழுத்துப் போட்டுப் போட்டு அவருடைய கையெழுத்து ஒரு நேர்கோடாக மாறியிருந்தது. ஞானஜோதி அவரிடம் கேட்டாள். நோயாளி என்று உறுதியானவருடைய முடிவை மட்டுமே டாக்டர் பார்க்கலாம் என்றார் அவர். நோயாளியா என்பது முடிவைப் பார்த்தால்தானே தெரியும் என்றாள் இவள். டாக்டர் அவள் அட்டையில் ஒரு கோடு போட்டார். பிறகு அடுத்த அட்டையை எடுத்தார்.

அன்று பெஞ்சில் ஞானஜோதிக்குப் பக்கத்தில் புஷ்பம் என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எட்டாம் மாதம். படப்பைப் பக்கம் செங்கல் சூளையில் வேலை. ஏழு முறை ரத்தம் கொடுத்திருந்தாள். இவ்வளவு எடுக்கிறார்களே, அதை வைத்து என்ன செய்வார்கள் அக்கா என்று கேட்டாள்.

செப்டம்பர் மூன்றாம் வாரம் நிலையத்தில் விழா நடந்தது. வாசலில் ஷாமியானா, வாழைமரம், மைக் செட். மேற்படி நோயே இல்லாத வட்டாரம் என்ற சிறப்புக் கேடயத்தை இணை இயக்குநர் குப்புராஜ் நேரில் வந்து வழங்கினார். சிறந்த தாய் என்று ஒருத்தியையும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதிகமுறை ரத்தம் கொடுத்த புஷ்பம்தான் முதலில். அவள் வராததால், ஐந்து முறை கொடுத்த ஞானஜோதியை மேடை ஏற்றினார்கள். அவளுக்கு ஏழு மாதம். மேடைப் படிக்கட்டு ஆடியது.

குப்புராஜ் பருத்த உடம்பும் கணீர்க் குரலும் உடையவர். தாள் எதையும் பார்க்காமல் பேசினார்.

"தாய்மார்களே! இந்த நிலையம் நாலாயிரத்து இருநூறு முறை ரத்தம் எடுத்திருக்கிறது. அதில் எத்தனை பேர் மேற்படி நோய்க்குச் சிகிச்சை பெற்றார்கள்? ஒருவர்கூட இல்லை. சிகிச்சை பெற்றவர் இல்லை என்றால் நோயாளி இல்லை. நோயாளி இல்லை என்றால் நோய் இல்லை. மேல்நாட்டில் பரிசோதனை செய்த கையோடு கவரைப் பிரித்துப் பார்த்துவிடுகிறார்கள். அந்த அவசரத்தினால்தான் அங்கே நோய் இவ்வளவு பெருகியிருக்கிறது. நாம் நம் பெண்களின் மானத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒட்டி, முத்திரை வைத்து, பூட்டிப் பாதுகாக்கிறோம்."

பலத்த கைதட்டல். பிறகு ஞானஜோதிக்கு ஓர் எவர்சில்வர் டம்ளர் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். அவள் மூன்றாம் வகுப்புக்குப் பேசிப் பழகியவள். மைக்கிலும் அப்படியே நிதானமாகப் பேசினாள்.

"ஐயா, அஞ்சு தடவை ரத்தம் குடுத்திருக்கேன். அதுல என்ன இருந்ததுன்னு ஒரு தடவை சொன்னாப் போதும்."

தோத்தாத்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குப்புராஜ் மட்டும் தடுமாறவில்லை. மைக்கை வாங்கிக் கூட்டத்தைப் பார்த்து, "எவ்வளவு எளிய உள்ளம்! ஐந்து தடவை கொடுத்தவர் ஒரு தடவை போதும் என்கிறார்!" என்றார். மறுபடியும் கைதட்டினார்கள். ஞானஜோதி டம்ளருடன் கீழே இறங்கினாள். கால் வீங்கியிருந்தது. கோபம்கூட வரவில்லை. எங்கேயாவது உட்கார வேண்டும் போலிருந்தது.

அவள் உள்ளே போய் முடிவுகள் ஜன்னலுக்குப் பின்னால் தோத்தாத்ரியின் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். எல்லோரும் பந்தலில் இருந்தார்கள். வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த கன்னியம்மா அவளைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள், மறுபடி துடைப்பத்தைப் பார்த்தாள்.

"சாவி காலண்டருக்குப் பின்னால ஆணியில மாட்டிக்கீது" என்றாள் தரையைப் பார்த்தபடியே. "நான் அந்தாண்ட பெருக்கப் போறேன்."

பீரோவில் கவர்கள் எண் வாரியாக, தூசி இல்லாமல், மிக அழகாக அடுக்கப்பட்டிருந்தன. தன் பெயர் எழுதிய ஐந்தையும் எடுத்துப் பிரித்தாள். முதல் தாளில் ஜூன் மாதத் தேதி. 'நோய் உண்டு. கர்ப்பிணிக்கு உடனே சிகிச்சை தேவை' என்று பரிசோதனைச் சாலைக்காரர் எழுதியிருந்தார். இரண்டாவதில், 'நோய் உண்டு. தாமதித்தால் சிசுவுக்கு ஆபத்து. முன்பே எழுதியிருக்கிறோம்.' மூன்றாவதில், 'இவருக்கு இது மூன்றாம் முறை. அங்கே யாராவது இதைப் படிக்கிறீர்களா?' நான்காவதில், 'தயவுசெய்து' என்ற ஒரு சொல் கூடியிருந்தது. ஐந்தாவதில் விளக்கம் எதுவுமில்லை. 'உண்டு' என்று எழுதி அதன் கீழே மூன்று கோடு போட்டிருந்தார்.

காலடிச் சத்தம் கேட்டது. டாக்டர் லோகநாயகி. விழாவுக்காகப் பட்டுப்புடவை கட்டியிருந்தார். பீரோ திறந்திருப்பதையும் மேஜைமேல் ஐந்து தாள்களையும் பார்த்தார். ஞானஜோதி எழுந்திருக்கவில்லை. டாக்டர் தாள்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இதுக்கு முன்னாடி குழந்தை?"

ஞானஜோதி சொன்னாள். எட்டாம் மாதத்துக் குழந்தையை, ஒன்பது நாள் குழந்தையை, மூக்கடைப்பை, தோலை.

"இதுக்குப் பேரு சிபிலிஸ்" என்றார் டாக்டர். "கிரந்தின்னும் சொல்லுவாங்க. புருஷன்கிட்டேர்ந்து பொண்டாட்டிக்கு வரும், அவகிட்டேர்ந்து வயித்துல இருக்கற குழந்தைக்குப் போகும். பென்சிலின் போட்டா போயிடும். இன்னும் நேரம் இருக்கு."

"அந்த ரெண்டும் இதனாலதானா டாக்டர்?"

"நீங்க சொல்றதை வெச்சுப் பார்த்தா இதனாலதான்."

வெளியே மைக்கில் யாரோ நன்றியுரை வாசித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வருஷமாக ஞானஜோதி தண்ணீர்க் குடத்தை நினைத்து அழுதிருக்கிறாள். ஜெபத்தில் என்ன குறை வைத்தோம் என்று யோசித்து யோசித்துத் தூங்காமல் இருந்திருக்கிறாள். இப்போது அழுகை வரவில்லை. ஊசி எங்கே போடுவார்கள், இன்றைக்கே போட முடியுமா என்று கேட்டாள்.

"வாரம் நானூறு கையெழுத்து போடறேன்" என்றார் டாக்டர், அவளுக்குச் சொல்லாமல் பீரோவுக்குச் சொல்வதுபோல. "இந்தச் சாவியை ஒரு நாள் கேட்டிருக்கலாம்."

பத்து நாள் தொடர்ந்து ஊசி. ஞானஜோதி தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து போட்டுக்கொண்டாள். முதல் நாள் வீட்டுக்குப் போனதுமே சத்தியநாதனுக்குக் கடிதம் எழுதினாள். நோயின் பெயரைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி, நீங்களும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று முடித்தாள். வேறு ஒன்றும் எழுதவில்லை. பத்தாம் நாள் அவனே வந்து நின்றான். லீவு எப்படியோ கிடைத்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு தடவை புண் வந்தது, மருந்துக்கடைக்காரன் கொடுத்த களிம்பில் ஆறிவிட்டது, ஆறிவிட்டதால் போய்விட்டது என்று நினைத்தேன் என்றான். இரண்டாவது குழந்தை போனபோது சந்தேகம் வந்தது, சொல்ல நாக்கு எழவில்லை என்றான்.

"முதல்ல ஊசி போட்டுக்கிட்டு வாங்க. மத்ததை அப்புறம் பேசலாம்" என்றாள். அந்த மற்றதை அவர்கள் பேச இரண்டு வருஷம் ஆயிற்று.

இதற்குள் டாக்டர் லோகநாயகி தோத்தாத்ரியை உட்காரவைத்து நாலாயிரத்து இருநூறு கவரையும் பிரிக்கச் செய்தார். கவர்கள் அத்தனையிலுமாகச் சேர்த்து நாற்பத்துமூன்று பெண்களுக்கு நோய் உண்டு என்றிருந்தது. புஷ்பத்தின் ஏழு கவரிலும் அதுவே. விழாவுக்கு அவள் வராததற்குக் காரணத்தைக் கன்னியம்மா சொன்னாள். முந்தின வாரம் பிரசவமாயிற்று, குழந்தை தங்கவில்லை. தோத்தாத்ரி அன்று சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. மாட்டாஸ்பத்திரியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசியதாக யாருக்கும் ஞாபகமில்லை.

நவம்பர் கடைசியில் ஞானஜோதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்தவுடன் அழுதது, பத்தாம் நாளும் அழுதது, அதற்குப் பிறகும் ஓயாமல் அழுதது. கிருபா என்று பெயர் வைத்தார்கள்.

டிசம்பர் அறிக்கையில் தென்புறநகர் வட்டாரத்தில் நோயாளிகள் நாற்பத்துமூன்று என்று போயிற்று. அதுவரை பூஜ்யமாக இருந்த இடம். ஒரே மாதத்தில் இவ்வளவு நோய் எங்கிருந்து வந்தது என்று மேலிடம் விசாரணை நடத்தியது. குப்புராஜ் தலைமையில் வந்த குழு, பீரோ பூட்டியிருந்தவரை நோய் இல்லை, திறந்த பிறகே நோய் வந்திருக்கிறது என்று கண்டறிந்தது. கேடயம் திரும்பப் பெறப்பட்டது. மேற்படி நோயை வட்டாரத்துக்குள் அனுமதித்ததற்காக டாக்டர் லோகநாயகி தர்மபுரிப் பக்கம் மாற்றப்பட்டார். பீரோவுக்குப் புதிய பூட்டு வந்தது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை தாம்பரம் ஸ்டேஷனில் அவரை வழியனுப்ப ஞானஜோதியும் கன்னியம்மாவும் வந்தார்கள். டாக்டர் குழந்தையின் மூக்கைப் பார்த்தார், கையை விரித்துப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். பிறகு கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். நாற்பத்துமூன்று பேரில் முப்பத்திரண்டு பேருக்கு ஊசி போட்டாயிற்று, பதினொரு பேர் இன்னும் வரவில்லை, விலாசம் இதில் இருக்கிறது என்றார். தெரிந்த டாக்டர் ஒருவர் வீட்டு முகவரியையும் கீழே எழுதியிருந்தார். ஆளை அழைத்துக்கொண்டு போனால் போதும், அவர் கேள்வி கேட்காமல் ஊசி போடுவார்.

ரயில் போனதும் இருவரும் படப்பை பஸ் பிடித்தார்கள். முதல் விலாசம் வேறொரு செங்கல் சூளைக்குப் பின்னால் இருந்த குடிசை. வெயில் உச்சிக்கு வந்திருந்தது. நிறைமாதக்காரி ஒருத்தி கதவைப் பாதி திறந்து, கைக்குழந்தையோடு நின்ற டீச்சரையும் ஆயாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாரு நீங்க? ரத்தம் எடுக்குற ஆபீசா?"

"இல்லம்மா" என்றாள் ஞானஜோதி.

அந்தப் பெண் கதவை முழுசாகத் திறந்தாள். "அப்ப உள்ள வாங்க."